உஸ்தா கலஃபின் நாலு கைப்பிடிகள்

“இந்தக் கயித்துப் பிடியைப் பிடிச்சு எங்க வாப்பாவைத் தூக்க வேணாம். அவர் செஞ்சு குடுத்த பிடியைக் கொண்டாந்து மாட்டுங்க.”

கட்டிட வாசலில் நின்று சந்துக்கே கேட்கும்படி ரபாப் இதைச் சொன்னாள். பள்ளிவாசலிலிருந்து, இறந்தவர்களைச் சுமக்கும் சந்தூக்கைத் தூக்கிவந்து அப்போதுதான் இறக்கியிருந்தார்கள். அதன் நாலு மூலையிலும் நீட்டிக்கொண்டிருந்த இரும்புப் பிடிகளில் சணல்கயிறு சுற்றியிருந்தது. எத்தனையோ கைகளின் வேர்வையைக் குடித்துக் கயிறு கறுத்துப்போயிருந்தது. பிடி என்ற பேச்சையே எடுக்கக் கூடாது, அதுவும் ஹாஜியார் முன்னால் ஒருக்காலும் எடுக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிவைத்த மனுஷர் மூன்றாவது மாடியில் கற்பூரம் மணக்கக் கடைசிக் குளியலில் கிடந்தார். கேட்டுவிட்டாள். இனி அவர் வந்து கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

ஹாஜியார் ஷுக்ரி எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சீனி போடாத துக்கக் காபி அவர் கையில் ஆறிக்கொண்டிருந்தது. சந்தில் நின்ற ஆண்களில் பாதிப்பேர் அவர் பட்டறையில் வேலை செய்கிறவர்கள். மீதிப் பாதி அவரிடம் ஏதோ ஒன்றுக்குக் கடமைப்பட்டவர்கள். எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

பள்ளிவாசல் பணியாள் மப்ரூக்தான் முந்திக்கொண்டார். பொம்பளைப் பிள்ளை கீழே வந்து நிற்பது நல்லதில்லை, மேலே போய் உம்மாவுக்குத் துணையாக இரு, லுஹர் தொழுகைக்கு நேரமாகிறது, இந்த வெயிலில் மய்யித்தைக் காக்கவைக்கக் கூடாது என்று அடுக்கிக்கொண்டே போனார். அந்தப் பிடிகளைப் போட்டுவைத்த சாக்கு மட்டும் எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை. பள்ளிவாசல் படிக்கட்டின் அடியில், கிழிந்த பாய்களுக்குப் பின்னால் கிடக்கிறது என்று ரபாபுக்குத் தெரியும்.

“சாக்கு இருக்கற எடம் எனக்குத் தெரியும், மாமா. நீங்க போறீங்களா, நான் போகட்டுமா?”

மப்ரூக் ஹாஜியாரைப் பார்த்தார்.

ஷுப்ரா அல் கைமா என்ற ஊரில் அந்தச் சந்துக்குள் எந்த வண்டியும் நுழையாது. இறந்தவர்களை வாசலிலிருந்து பெரிய தெரு வரைக்கும் தோளில்தான் கொண்டுபோக வேண்டும். ஆகஸ்ட் மாத இரும்பு கையை வேகவைத்துவிடும். அதனால்தான் போன கோடையில், பேரன் பிறந்த சந்தோஷத்தில், சந்தூக்கின் பிடிகளுக்கு வினைல் பூசித் தருவதாக ஹாஜியார் நேர்ந்துகொண்டார். அவர் பட்டறையின் தொழிலே அதுதான். கட்டிங் பிளையர், சுத்தியல், பாத்திரம் கவிழ்க்கும் கம்பிக்கூடை, நோயாளிகளின் சக்கர நாற்காலி வளையம் என்று மனுஷன் கை படுகிற இரும்பெல்லாம் அங்கே வந்து வினைல் தொட்டியில் முங்கி, வழவழவென்று தோல் போர்த்திக்கொண்டு வெளியே போகும். அந்தத் தொட்டிக்கு ரபாபின் வாப்பா, கைதேர்ந்த மேஸ்திரி உஸ்தா கலஃப்தான் ராஜா. சோஹாக்கிலிருந்து மீசை முளைக்காத வயசில் வந்தவர். தொட்டியண்டையிலேயே மீசை முளைத்து, நரைத்து, நேற்றுச் சாயங்காலம் வரைக்கும் அங்கேதான் நின்றார். வீட்டுக்கு வந்து, நெஞ்சை என்னவோ பண்ணுகிறது என்று சொல்லிப் படுத்தவர் விடியும்போது இல்லை.

பார்க்கிறவர்களுக்கு அது ஒரு வேலையாகவே தெரியாது. வினைல் தூளை எண்ணெயில் கலக்கி, காற்றை உறிஞ்சியெடுத்துவிட்டுத் தொட்டியில் ஊற்றிவைத்த கூழ். ஓவனில் சுட்ட இரும்பை அதற்குள் இறக்கினால், சூடு பட்ட இடத்திலெல்லாம் கூழ் உறைந்து பிடித்துக்கொள்ளும். வெளியே எடுத்து மறுபடி ஓவனில் வைத்தால் வெந்து இறுகும். பிறகு தண்ணீரில் ஆற்ற வேண்டியதுதான். இதில் என்ன இருக்கிறது என்று கேட்டவர்கள் கையில் கலஃப் ஒரு கம்பியைக் கொடுப்பார். அவர்கள் அவசரமாக இறக்குவார்கள், உள்ளே காற்று மாட்டிக்கொண்டு அம்மை போட்ட மாதிரி கொப்புளம் கிளம்பும். அவசரமாக எடுப்பார்கள், நுனியில் ஜலதோஷம் பிடித்த மூக்கு மாதிரி ஒரு சொட்டு தொங்கி, அப்படியே உறைந்துவிடும். ஓவனில் மறந்துவிட்டால் பச்சைக் கூழ் பழுப்பாகிக் கண்ணைக் கரிக்கும். கலஃப் இறக்கினால் கூழில் ஒரு சுருக்கம் விழாது. உதடு மட்டும் அசையும். பிளையருக்கு ஒரு குல்ஹுவல்லாஹு ஓதி முடிக்கிற நேரம், கனத்த இரும்புக்கு அதைவிடச் சின்ன ஓதல், ஏனென்றால் கனத்த இரும்பு சூட்டை விடாது, தோல் தடித்துப்போகும். வெளியே எடுக்கும்போது கூழ் வழிகிற வேகமும் அவர் கை உயர்கிற வேகமும் ஒன்றாக இருக்கும். சின்ன வயசில் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற ரபாபுக்கு, கையை அவர் தூக்கவே இல்லை, தொட்டிதான் கீழே இறங்குகிறது என்று தோன்றும்.

அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் ரபாப். பன்ஹாவில் வேதியியல் படித்தாள். பாலிமர் பாடம் நடந்தபோது அந்த வகுப்பில் அவள் ஒருத்திக்குத்தான் அதன் வாசனை தெரிந்திருந்தது. சூட்டில் அந்தத் தூளின் ஒவ்வொரு மணியும் எண்ணெயை உள்ளே இழுத்து உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது என்று அவள் வந்து சொன்ன அன்றைக்குக் கலஃப் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். “அப்ப அது எண்ணெயைக் குடிக்குதா. இத்தனை வருஷமா தாகத்துல கெடந்திருக்கு பாவம், நான் பாட்டுக்கு சுட்டுக்கிட்டிருந்திருக்கேன்” என்று சிரித்தார். மறுநாள் பட்டறை முழுக்க அதைச் சொல்லி முடித்துவிட்டார்.

நேர்த்திக்கடனுக்குக் குறித்த வெள்ளிக்கிழமை நெருங்கியபோது கலஃபுக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டது ரபாப்தான். அந்த நாட்களில் அவர் வாசலைத் தாண்டவில்லை என்று அவளுக்கும் அவள் உம்மா வஜீதாவுக்கும் தெரியும். பிடிகள் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போய்விட்டன. பச்சைப் பசேலென்று, பார்க்க அம்சமாக இருந்தன. உஸ்தா கலஃப் கைவேலை என்று ஊரே சொன்னது. ஹாஜியார் மறுக்கவில்லை.

அடுத்த வாரமே ரொட்டிக்காரி தவ்லத் இறந்துபோனாள். கனத்த உடம்புக்காரி. சந்தின் திருப்பத்தில் முன்னால் போனவரின் கையோடு பச்சைத்தோல் காலுறை மாதிரி உருவிக்கொண்டு வந்துவிட்டது. சந்தூக்கு ஒருபக்கம் சாய்ந்து, மூடியிருந்த துணி நழுவி, கஃபன் துணி சுற்றிய அவள் தோள் வெயிலில் தெரிந்தது. பின்னால் வந்தவர்கள் தாங்கிப் பிடித்துவிட்டார்கள். விழவில்லை. ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது. காபிக்கடையில் கலஃப் கையை நீட்டினால், வேண்டுமென்றே உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு கைகொடுத்தார்கள். தேநீர் கிளாஸை நீட்டும்போது, “கெட்டியாப் புடி, இது கலஃப் முக்கின கிளாஸ்” என்றார்கள். வழுக்கி உஸ்தா என்று பேர் வந்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அந்த உருவின தோலை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். அடுப்படியில் நின்று அதை உள்வெளியாகத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். உள்பக்கம் பளபளவென்று சுத்தமாக இருந்தது.

“பிரைமர் அடிக்கல” என்றார்.

அவ்வளவுதான். ரபாபுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. முக்குவதற்கு முன்னால் இரும்பில் பழுப்பாக ஒரு பூச்சு அடிக்க வேண்டும். அது காய வேண்டும், சூட்டில் பதமாக வேண்டும். அது இருந்தால்தான் தோல் இரும்போடு ஒட்டும். இல்லாவிட்டால் தோல் இரும்பைச் சும்மா கட்டிப்பிடித்துக்கொண்டுதான் இருக்கும். மலிவுச் சரக்கு பிளையருக்கு அந்தப் பூச்சை விட்டுவிடுவது அந்தப் பட்டறைக்கே பழக்கம். பிளையரின் கைப்பிடி வளைந்து வளைந்து போவதால் தோல் கழன்று வராது. சந்தூக்கின் பிடி நேரான குழாய். வளைவில் காலம் தள்ளியவர்களுக்கு நேரான இரும்பின் குணம் மறந்துபோகும். தொட்டிப் பக்கம் வந்தே வருஷக்கணக்காகிவிட்ட, அவசரத்தில் இருந்த ஒரு ஆளுக்கு மறந்திருக்கிறது.

ஹாஜியாரிடம் போய்க் கேட்கிறேன் என்று அவள் கிளம்பினாள். கலஃப் கதவில் கையை வைத்து மறித்தார். “கேக்காத. நான் இருக்கற வரைக்கும் கேக்காத. போன பிறகும் கேக்காத. அந்த மனுஷன் உப்பைத் தின்னுருக்கோம்.” உப்பைத் தின்றோமா, உப்பாகக் கரைந்தோமா என்று அவள் கத்தினாள். உம்மா அவள் தொடையில் கிள்ளினாள்.

பிறகு கலஃப், வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு ஒவ்வொரு சாயங்காலமாக உட்கார்ந்து, நாலு குழாயைத் தேய்த்துத் துருவெடுத்துக் கழுவி, பிரைமர் அடித்து, வேகவைத்து, முக்கி, மறுபடி வேகவைத்தார். நாலும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. ஒரு சொட்டு, ஒரு கொப்புளம் கிடையாது. தோளில் படுகிற இடத்தில் மட்டும் தோல் கொஞ்சம் தடிப்பாக, மெத்தென்று இருந்தது. அதற்காக அந்த இடத்தை மட்டும் இரண்டாவது தடவை சுட்டு முக்கியிருந்தார். மப்ரூக்கிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது, “கலஃப் முக்கினதா? மய்யித்து ஒரு தடவை பயந்தது போதும்ப்பா” என்று சொல்லிச் சாக்கில் போட்டுப் படிக்கட்டின் அடியில் தள்ளிவிட்டார். பழைய பிடியில் கயிறு ஏறியது.

அந்தச் சாக்கைத்தான் ரபாப் கேட்டாள்.

ஹாஜியார் எழுந்து வந்தார். குரலில் தேன் தடவிக்கொண்டு பேசினார். கலஃப் தனக்குத் தம்பி மாதிரி, இன்றைக்குத் தன் வலது கை போய்விட்டது, மிச்ச ஆயுசை அல்லாஹ் பிள்ளைகளுக்குத் தரட்டும் என்றார். அது பொய்யில்லை. விடிந்ததும் கேள்விப்பட்டு முதலில் ஓடிவந்து, செருப்பைக் கழற்றக்கூட மறந்து கட்டிலண்டையில் நின்று அழுதது அவர்தான். அதுதான் ரபாபுக்கு இன்னும் எரிந்தது.

“மறந்து போனதைக் கிளறாத மகளே. மனுஷன்னா தப்பு வரும். உங்க வாப்பாவோட அந்தத் தப்பை நான் அன்னைக்கே மன்னிச்சுட்டேன். அல்லாஹ்வும் மன்னிப்பான்.”

செய்யாத தப்புக்கு மன்னிப்பு. அதையும் சந்தூக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இலவசமாக.

“மன்னிப்பெல்லாம் நீங்களே வெச்சுக்கோங்க, ஹாஜியார். எனக்கு சாக்கு வேணும்.”

படித்த திமிர் என்று யாரோ முணுமுணுத்தார்கள். கல்லூரிக்கு அனுப்பினால் இப்படித்தான் என்று அதற்கு ஒரு ஆமாம் போட்டார்கள்.

அப்போது படிக்கட்டில் வஜீதாவின் குரல் கேட்டது. கறுப்பு உடுத்தி உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவே அவள் எழுந்து நின்றிருந்தாள். காலையிலிருந்து அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை, ஒப்பாரிகூட வரவில்லை. கிள்ளுவதற்குத்தான் உம்மா இறங்கிவருகிறாள் என்று ரபாப் நினைத்தாள்.

“மப்ரூக், சாக்கைக் கொண்டா.”

மப்ரூக் இந்தத் தடவை யார் முகத்தையும் பார்க்கவில்லை. போனார்.

சாக்கு வந்தது. நாலு பிடியையும் எடுத்துக் கட்டிட வாசல் கல்லில் வரிசையாக வைத்தார்கள். இத்தனை மாதத் தூசிக்குள்ளிருந்தும் பச்சை பளிச்சென்று தெரிந்தது. யாரும் தொட முன்வரவில்லை. வழுக்கி என்ற பேர் அந்த நாலின்மேலும் ஈ மாதிரி உட்கார்ந்திருந்தது.

எலக்ட்ரீஷியன் ஆத்திஃபை ரபாப் கூப்பிட்டாள். கலஃபோடு தினமும் காபிக்கடையில் உட்கார்ந்தவர், முதலில் உள்ளங்கையைத் துடைத்தவர்களில் ஒருவர். இடுப்பில் எந்நேரமும் தொங்குகிற கருவிப் பையோடுதான் துக்கத்துக்கும் வந்திருந்தார்.

“கத்தி இருக்கா, அண்ணே?”

“எதுக்கும்மா?”

“இதுல ஒண்ணை வெட்டுங்க. சுத்தி ஒரு கோடு, நீளவாட்டுல ஒரு கோடு. ஓரத்தைப் புடிச்சு இழுங்க. உரிஞ்சு வந்துச்சுன்னா கயித்துலயே தூக்கிட்டுப் போங்க. நான் மேல போயிடறேன்.”

ஆத்திஃப் கத்தியை எடுத்தார், பிடியை எடுத்தார். எடுத்ததும் அவரை அறியாமல் கை அதைச் சுற்றி மூடிக்கொண்டது. தினமும் பிளையர் பிடிக்கிற கை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.

“வெட்டணுமா?” என்றார்.

“வெட்டுங்க.”

வாப்பா சாயங்காலங்களில் உட்கார்ந்து பூசின நாலு பச்சைகளில் ஒன்று அது. கத்தி இறங்கும்போது ரபாப் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஆத்திஃப் சுற்றி அறுத்தார், நீளமாக அறுத்தார், நகத்தால் ஓரத்தை நெம்பினார். வரவில்லை. கத்தி முனையைக் கொடுத்து நெம்பினார். கடுகளவு ஒரு துணுக்கு பிய்ந்து வந்தது. அடியில் இரும்பு தெரியவில்லை, பழுப்பாக ஒரு படலம் தெரிந்தது. பையிலிருந்து பிளையரை எடுத்து, அந்த ஓரத்தைக் கவ்வி, காலைச் சுவரில் ஊன்றி இழுத்தார். பிளையர்தான் நழுவியது. அவர் பின்னால் நின்ற மப்ரூக்மேல் போய் விழுந்தார்.

துக்க வீடு என்பதையும் மறந்து யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“இது போட்ட உறை இல்லப்பா” என்றார் ஆத்திஃப், மூச்சு வாங்க. “இது இரும்போட தோலு.”

அதற்குப் பிறகு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு பேர் கயிற்றுப் பிடிகளின் திருகைக் கழற்றினார்கள், இரண்டு பேர் பச்சையை மாட்டினார்கள். கலஃப் திருகின் ஓட்டைக்குள்ளும் கூழ் போகாமல் அடைத்து முக்கியிருந்ததால் நாலும் தடையில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தன. ஒவ்வொருவரும் ஒருமுறை பிடித்துப் பார்த்தார்கள். பட்டறை ஆள் ஒருவர் தோள்படுகிற இடத்து மெத்தையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டினார். அவர் தலையை ஆட்டினார்.

வெட்டுப்பட்ட பிடியை இடப்பக்கம் பின்னால் மாட்டச் சொல்லி, அந்த மூலை தனக்கு என்று ஆத்திஃப் சொன்னார். சொல்லிவிட்டு நிமிர்ந்தவர், ரொம்ப நாளாகக் கணக்கு உதைத்துக்கொண்டிருந்த ஆள் மாதிரி ஹாஜியாரைப் பார்த்தார்.

“இதை முக்கின கை அதையும் முக்கியிருக்காது, ஹாஜியார். அப்ப மொதல்ல வந்த பிடியை யாரு முக்கினது?”

ஹாஜியார் ஆறின காபியைக் குடித்தார். கசப்பில் முகம் சுளிக்கக்கூட இல்லை.

“என்னை ஏன் கேக்குறீங்க? பொண்ணையே கேளுங்க. சனிக்கெழமை நம்ம பட்டறைக்கு வரப்போற பொண்ணு. ஆய்வு அறையே அவளுக்குத்தான். கலஃபுக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன். அவளுக்குத் தெரியாததா? சொல்லு மகளே.”

அவர் மிரட்டவில்லை. அன்பாகத்தான் கேட்டார். எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பியது.

தவ்லத் அடக்கமான வாரத்தில் ஒரு சாயங்காலம் கலஃப் பஸ்பூசா இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தது ரபாபுக்கு நினைவு வந்தது. ஊரே கையைத் துடைத்துக்கொண்டிருந்த நாட்களில், அன்றைக்கு அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஹாஜியார் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார் என்றார். பட்டறையில் புதிதாக ஒரு ஆய்வு அறை கட்டப்போகிறார், நீ பரீட்சை முடித்ததும் உனக்குத்தான் என்றார். வெள்ளைக்கோட்டு போட்டு உட்காரலாம், தொட்டியின் புகையே படாது என்றார். தன் மதிப்பெண்களைப் பார்த்துத்தான் தருகிறார்கள் என்று அவள் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கூட வைத்திருந்தாள். பட்டம் வாங்கின மற்றப் பிள்ளைகள் கைபேசிக் கடைகளில் உறை விற்றுக்கொண்டிருந்தார்கள். வீட்டில் இனி சம்பாதிக்கிற ஆள் வேறு கிடையாது.

வாப்பா எதற்காகச் சிரித்துக்கொண்டே அந்தக் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தார் என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஹாஜியார் பேர் சந்தில் உருவிக்கொண்டு வந்துவிடும். ஆத்திஃப் காத்துக்கொண்டிருந்தார். மேலே உம்மா காத்துக்கொண்டிருந்தாள்.

“வாப்பா அதைப் பத்தி உங்ககிட்ட கேக்கக் கூடாதுன்னாரு. கேக்கல” என்றாள் ரபாப். “சனிக்கெழமை நான் வரல, ஹாஜியார்.”

ஹாஜியார் கிளாஸை நாற்காலியில் வைக்கப் போனவர் நாற்காலி இருக்கிற இடத்தைத் தவறவிட்டார். கிளாஸ் கீழே விழுந்து உடைந்ததை யாரும் குனிந்து பொறுக்கவில்லை. ஆத்திஃப் அவர் கைகளைப் பார்த்தார். பிறகு பட்டறை ஆட்கள் பார்த்தார்கள்.

கலஃபைக் கீழே கொண்டுவந்தார்கள். படிக்கட்டு குறுகலானது. வெள்ளைக் கஃபனில் அவர் இன்னும் ஒல்லியாகத் தெரிந்தார். சந்தூக்கில் வைத்துத் துணி போர்த்தினார்கள். வஜீதா துணியின் ஓரத்தை ஒருமுறை இழுத்துச் சரிசெய்தாள். நாலு மூலையிலும் நாலு பேர் குனிந்தார்கள். கை வைப்பதற்கு முன்னால் ஒருவரும் உள்ளங்கையைத் துடைக்கவில்லை. லா இலாஹ இல்லல்லாஹ் என்ற குரலோடு சந்தூக்கு மட்டமாக, ஒரு சுருக்கமில்லாமல் மேலே எழும்பியது.

நாலு எட்டு போனதும் ஹாஜியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்மூலைக்குப் போனார். மய்யித்தைத் தூக்க வருகிறவனை யாரும் தடுப்பதில்லை. அங்கிருந்தவர் தோளை விலக்கி இடம் கொடுத்தார். ஹாஜியாரின் விரல்கள் பச்சையைச் சுற்றி மூடின. மூடினவர் இறுக்கிப் பிடித்தார், தேவைக்கு மேலேயே.

வாசலில் பெண்கள் தேங்கி நின்றார்கள். அங்கே வரைக்கும்தான் அவர்கள் வருவது வழக்கம். ரபாப் படியின் ஓரத்தில் கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடினாள். கிடைக்கவில்லை. வாப்பாவின் பட்டறைச் செருப்பு கிடந்தது, அதை மாட்டிக்கொண்டாள். அடக்கம் பண்ற கபுறடிக்குப் பொம்பளைங்க வரக்கூடாது, திரும்பு என்று மப்ரூக் கூட்டத்தின் பின்னால் நடந்தபடியே கையை ஆட்டினார். அத்தைமாரில் யாரோ அவள் முழங்கையைப் பிடித்தார்கள். வஜீதா அந்தக் கையை எடுத்துவிட்டாள்.

கால்களுக்குப் பெரிதாக இருந்த செருப்பு ஒவ்வொரு எட்டுக்கும் தரையில் அடித்துக்கொண்டது. முன்னால், தவ்லத்தின் சந்தூக்கு சாய்ந்த அந்தத் திருப்பம் வந்தது. தூக்கினவர்களின் வேகம் குறைந்து, தோள்கள் மாறின. அவள் நடையைக் குறைக்கவில்லை.